பூங்காக் கருவிகளா, கடற்கரை நடையா, வீட்டு நாற்காலியா: வயதான பெற்றோருக்கு எந்தப் பயிற்சி?

சென்ற சித்திரையில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். கூடத்தில் பாய் விரித்துத் தரையில் இலை போட்டிருந்தார்கள். 72 வயதான என் அப்பா எல்லோரையும்போலச் சப்பணமிட்டு உட்கார்ந்து நிறைவாகச் சாப்பிட்டார். எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றினார், மறு கையை முழங்காலில் வைத்து அழுத்தினார், பிறகு பாதியிலேயே நின்றுவிட்டார். பக்கத்து இலையில் இருந்த இருவர் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அப்பா நாள்தோறும் காலையில் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் நடப்பவர். இருபது ஆண்டுகளாக நடையை விடாத ஒருவருக்குத் தரையிலிருந்து எழுவதற்குத் தம் கால்களே ஏன் உதவவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஒப்பீடு தொடங்கியது.

அன்று இரவே வீட்டில் நான்கு யோசனைகள் எழுந்தன. நடையையே கூட்டிக்கொள்கிறேன் என்றார் அப்பா. கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பூங்காவில் இரும்புக் கருவிகள் இருக்கின்றன, செலவும் இல்லை, இருவரும் அங்கே போகலாம் என்றார் 67 வயதான அம்மா. ஜிம்மில் சேர்த்துவிடலாம் என்றான் தம்பி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் பெரியம்மா, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு பிசியோதெரபி செய்து தேறியவர், ஒரு நல்ல நாற்காலி இருந்தால் வீட்டிலேயே போதும் என்று தொலைபேசியில் சொன்னார். நால்வர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எதற்கு எது உதவும் என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அப்பாவின் நடையைப்போல, ஒழுங்காகச் செய்தும் வேண்டிய பலன் கிடைக்காமல் போய்விடும்.

முதலில், வயதாகும்போது உடல் எதை இழக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. 60 வயதைத் தாண்டியதும் அந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலிமை இன்னும் வேகமாகக் குறைகிறது. அதிலும் சட்டென்று சுருங்கி விசை தரும் இழைகள்தாம் முதலில் மெலிகின்றன. கால் தடுக்கினால் அடுத்த அடியை விரைந்து எடுத்து வைத்து நம்மைக் காப்பாற்றுபவை அந்த இழைகளே. ஆகவே முதியவருக்கு மூச்சு வாங்காமல் நடப்பது ஒரு தேவை என்றால், தொடையும் பிட்டமும் வலிமையாக இருப்பது இன்னொரு தேவை, விழாமல் சமநிலை காப்பது மூன்றாவது தேவை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த மூன்றையும் தனித்தனியாகவே கேட்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலிமை தரும் பயிற்சி, 3 நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி. ஒன்றைச் செய்துவிட்டு மற்ற இரண்டுக்கும் கணக்குக் காட்ட முடியாது.

வீட்டிலேயே அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுள்ள ஆணுக்கு 12க்குக் கீழேயும், 65 முதல் 69 வயதுள்ள பெண்ணுக்கு 11க்குக் கீழேயும் வந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எல்லை வகுத்திருக்கிறது. அப்பா 8 முறை எழுந்தார். அம்மா 10. அப்பா நாற்காலியிலேயே சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்; அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

நடையைப் பற்றிக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை ஆகிய அனைத்துக்கும் அது நல்லது, செலவு இல்லை, கடலூரில் கடற்கரை இருப்பது பெரும் கொடை. பெரியம்மாவுக்கு இன்னும் வசதி: புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தரை சமமாக இருக்கிறது, உட்காரவும் இடம் உண்டு. ஆனால் சமதரையில் நடக்கும்போது உடல் எடையைத் தாங்கி நிற்கும் காலின் முழங்கால் சிறிதளவே மடங்குகிறது. தரையிலிருந்து எழும்போது தேவைப்படும் ஆழமான மடக்கத்தில் தொடைத் தசைக்கு வேலையே வருவதில்லை. பயிற்சிகளால் முதியோர் விழுவது குறைகிறதா என்று 2019இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சமநிலையும் அன்றாட அசைவுகளும் கலந்த பயிற்சிகள் விழுதலைத் தெளிவாகக் குறைத்தன; வெறும் நடைப்பயிற்சிக்கு அப்படி உறுதியான சான்று கிடைக்கவில்லை. அப்பாவின் கதை அதற்கு முரணாக இல்லை.

கடற்கரை மணலில் நடந்தால் கால் வலுக்குமே என்று கேட்கலாம். மணலில் நடக்க, உறுதியான தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஆகையால் மூச்சுக்கும் கெண்டைக்காலுக்கும் அது கூடுதல் வேலைதான். ஆனால் அலையோரத்து ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரே திசையில் நெடுந்தூரம் நடப்பவரின் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். இடுப்பும் முழங்காலும் வலிக்கிறவர்கள் போன தூரத்துக்குத் திரும்பியும் அதே மணலில் வருவது நல்லது. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்கள் வெறுங்காலுடன் மணலில் இறங்கவே கூடாது. கிளிஞ்சல் கீறியது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தெரியவரும்.

இனி பூங்கா. தமிழ்நாட்டில் 2016இல் அறிவிக்கப்பட்ட அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடத் திட்டம் கிராமங்கள் வரை இக்கருவிகளைப் பேசுபொருளாக்கியது. இப்போது நகரங்களில் பல பூங்காக்களில் மஞ்சளும் நீலமுமாக அவை நிற்கின்றன. கருவி என்று ஒரே சொல்லால் சொல்கிறோமே தவிர, அவை செய்யும் வேலை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு. அம்மாவும் நானும் நாலைந்து காலை வேளைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பார்த்தோம்.

எல்லோரும் முதலில் ஏறுவது ஏர் வாக்கர். இரண்டு மிதிகளும் மேலே அச்சில் தொங்குகின்றன. ஒருமுறை உந்திவிட்டால் கடிகார ஊசலைப்போலத் தாமாகவே போய்வருகின்றன. கூட்டிச் செல்வது புவியீர்ப்பு. கால் உடன் போகிறது. அதனால் இடுப்பு மூட்டு தளர்ந்து இலகுவாகிறது, விறைப்பு குறைகிறது. ஆனால் தசைக்குச் சுமை மிகக் குறைவு, அரை மணி நேரம் ஆடினாலும் நாற்காலிச் சோதனையின் எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் இல்லை. ஆபத்து ஆடும்போது இருப்பதைவிட இறங்கும்போது இருக்கிறது. மிதி முழுதாக நிற்கும் முன்பே ஒரு காலைத் தரையில் வைத்தால் மற்ற கால் மிதியோடு பின்னே இழுபடும். அம்மாவுக்கு இரண்டாம் நாளே அப்படி ஆயிற்று; கம்பியை இறுகப் பற்றியிருந்ததால் விழவில்லை. அதன் பிறகு புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மிதிகள் நிற்கும்வரை மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு இறங்குவதைப் பழக்கமாக்கிக்கொண்டார்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது ட்விஸ்டர், அதாவது நின்றபடி இடுப்பைத் திருப்பும் வட்டத் தட்டு. இடுப்பு லேசாகிவிட்டது என்று முதல் நாள் மகிழ்ந்தார். அதை நிறுத்தச் சொன்னதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைகிறது. முதுகெலும்பு மெலிந்தவர்கள் வேகமாக முறுக்குவதையும் குனிந்து முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் இந்தத் தட்டு ஏற்றதன்று. என் பார்வையில், பூங்காவில் உள்ள கருவிகளிலேயே முதியோர் இழப்பதற்கு எதுவுமின்றி விட்டுவிடக்கூடியது இது ஒன்றுதான்.

தோள் சக்கரம் அதற்கு நேர்மாறு. பிசியோதெரபி அறைகளில் சுவரில் பொருத்தியிருக்கும் சக்கரமும் இதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம்; கொடியில் துணி போட முடியாமல், முதுகுப் பக்கம் கை போகாமல் தவிப்பவர்களுக்கு வலி பொறுக்கும் எல்லைக்குள் மெதுவாகப் பெரிய வட்டம் சுற்றுவது நல்ல அசைவு. இதுவும் வலிமைக்கு இல்லை. உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உடல் எடையைத் தாங்காமலே மூட்டை அசைக்க உதவுகிறது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவுக்கு மிதித்தால் அது மிதமான உழைப்புக் கணக்கில் சேரும்.

உண்மையில் கால் வலிமையைக் கொடுப்பது லெக் பிரஸ். இருக்கையில் சாய்ந்து, எதிரிலுள்ள பலகையில் பாதங்களை வைத்துத் தள்ளினால் இருக்கை நம்மையும் சுமந்துகொண்டு பின்னே எழுகிறது; நம் உடல் எடையின் ஒரு பகுதியே நாம் தள்ளும் சுமை. அப்பா முதலில் சரசரவென்று இருபது முறை தள்ளிவிட்டு எழுந்தார், தொடையில் எதுவும் தெரியவில்லை என்றார். இருக்கை தானாக வந்து விழுந்துகொண்டிருந்தது. தள்ளும்போது ஒரு எண்ணிக்கை, திரும்பி வரும்போது மூன்று எண்ணிக்கை என்று மெதுவாகச் செய்யச் சொன்னேன். ஒன்பதாவது முறையில் வலது தொடை நடுங்கத் தொடங்கியது, பன்னிரண்டில் போதும் என்றார். அந்த நடுக்கம்தான் பயிற்சி. மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினால் இரத்த அழுத்தம் தாவி ஏறும் என்பதால், தள்ளும்போது வாய்விட்டு எண்ணுவது நல்லது. எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது.

ஆனால் இக்கருவியின் குறையும் இங்கேதான் இருக்கிறது. ஜிம்மில் ஒரு தட்டைக் கூடுதலாக மாட்டினால் சுமை கூடும். பூங்காவில் சுமையைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. மெலிந்த பாட்டிக்கும் பருத்த இளைஞனுக்கும் அவரவர் எடையே அளவு. தசை பழகிய சுமைக்குமேல் ஏறாவிட்டால் முதல் சில மாதங்களுக்குப் பிறகு வலிமை அதே இடத்தில் நின்றுவிடும். 1990இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் படிப்படியாகச் சுமையைக் கூட்டிப் பயிற்சி அளித்தபோது கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. அந்த வயதிலும் தசை பதில் சொல்கிறது என்பது எவ்வளவு நம்பிக்கையூட்டும் செய்தி! ஆனால் அங்கே பலன் கொடுத்தது படிப்படியாகக் கூடிய சுமை. இரும்புக் கருவி என்ற ஒன்று இருப்பதாலேயே அது வந்துவிடாது. திறந்தவெளிக் கருவிகளால் மட்டும் முதியோரின் வலிமை கூடுகிறது என்பதற்கான சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது என்று அத்துறை ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் எழுதுவதும் இதனால்தான். மெல்போர்ன் நகரில் முதியோருக்கென்றே படி, சரிவு, சமநிலைப் பலகை எல்லாம் வைத்து அமைத்த பூங்காக்களில், பயிற்றுநர் உடனிருந்து நடத்தியபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நம் பூங்காக்களில் அந்தப் பயிற்றுநர் இல்லை. அந்த இடத்தை வீட்டில் ஒருவர் நிரப்ப வேண்டும்.

பூங்காவில் நான் கண்டுகொண்ட மிகப் பயனுள்ள பொருள் எந்தக் கருவியும் அன்று, அசையாத கம்பிதான். இடுப்பளவு உயரத்தில் உறுதியாக நிற்கும் கம்பியை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம், ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்கலாம், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டிவைத்துக் கோட்டில் நடப்பதுபோல் நடக்கலாம். மூன்றாவது தேவையான சமநிலைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பூங்காவுக்கு வருகிறவர்களில் கம்பியை இதற்குப் பயன்படுத்துவோரைத்தான் காணோம்.

கடலோர ஊரில் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை உள்ளிருந்து தின்கிறது; மேலே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் பற்றவைத்த இடத்தில் செம்பழுப்பு வடிந்திருந்தால் அந்தக் கருவியில் ஏறக் கூடாது. கருவியைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, லொடலொடவென்றால் விலகிவிடுவது நல்லது. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே இருக்கை சுடத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு: 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கத்தில் யாரும் பூங்காவை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நலமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. மழைக்காலத்தில் யாரும் படுத்தே கிடப்பதில்லை என்றாலும், மூன்று வாரம் வாசலைத் தாண்டாதவரின் கால் எந்தத் திசையில் போகும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். திறந்த வெளியை மட்டுமே நம்பிய எந்த ஏற்பாடும் எங்கள் ஊரில் ஆண்டுக்கு இரண்டு மாதம் அறுந்துபோகும்.

ஜிம்மைப் பொறுத்தவரை, சுமையைப் படிப்படியாகக் கூட்டும் வசதி அங்கேதான் முழுமையாக இருக்கிறது. முதியோரைப் பயிற்றுவித்த அனுபவமுள்ள ஒருவர் இருந்தால் வலிமைக்கு அதை மிஞ்சியது இல்லை. நாங்கள் பார்த்த இடங்கள் மாடியில் இருந்தன, சத்தமாகப் பாட்டு ஓடியது, பயிற்றுநர்கள் இருபது வயதுப் பிள்ளைகளின் உடம்புக்குப் பழகியவர்கள். அம்மா புடவையோடு உள்ளே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தத் தயக்கம் நியாயமானது. அதை மீறிச் சேர்த்தால் இரண்டாம் மாதம் நின்றுவிடும்.

பெரியம்மா சொன்ன நாற்காலிக்குப் பின்னால் பலமான சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம், கணுக்காலில் கட்டும் சிறு எடை, நாற்காலியிலிருந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவற்றை வாரத்துக்கு 3 முறையும் நடையை 2 முறையும் கொண்டது; முதியோர் விழுவதை அது ஏறக்குறைய 35 சதவீதம் குறைத்தது. வீட்டில் சுமையைக் கூட்டுவதும் எளிது: முதலில் நாற்காலி மேல் தலையணை வைத்து உயர்த்தி எழலாம், பிறகு தலையணையை எடுத்துவிடலாம், பிறகு இரு கைகளிலும் ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு எழலாம், கடைசியில் முக்காலிக்கு இறங்கலாம். பூங்காக் கருவி மறுக்கும் படிப்படியான ஏற்றம் இங்கே சமையலறைப் பொருள்களாலேயே கிடைக்கிறது. வீட்டுப் பயிற்சியின் ஒரே எதிரி சலிப்பு. யாரும் காத்திருப்பதில்லை என்பதால் இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். பூங்காவில் அம்மாவுக்காக மூன்று பேர் சிமென்ட் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். ஒரு நாள் வரவில்லையென்றால் மறுநாள் ஏன் என்று கேட்கிறார்கள். கருவிகளின் பலனைக் கணக்கிடும்போது இந்த விசாரிப்பையும் நான் பலனாகவே சேர்க்கிறேன்.

ஆகவே எங்கள் முடிவு ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விடுவதாக அமையவில்லை. வலிமைக்கு நாற்காலி, அதைத் திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் மழையோ வெயிலோ எதுவாயினும் வீட்டில் செய்வது. சமநிலைக்கும் தோளுக்கும் பூங்கா. செவ்வாய், புதன், சனி காலை ஆறரைக்குள் போய், லெக் பிரஸில் பன்னிரண்டு முறை வீதம் இரண்டு சுற்று, தோள் சக்கரம், பிறகு கம்பியோரப் பயிற்சி. வெள்ளியும் ஞாயிறும் அப்பாவுக்குக் கடற்கரை. பூங்கா நாள்களில் அங்கே போய்வரும் நடையும் நடையாகவே கணக்கில் சேரும். தொடங்குவதற்கு முன் இருவரையும் மருத்துவரிடம் காட்டினோம். நெஞ்சுவலி, அடிக்கடி தலைசுற்றல், அண்மையில் எலும்பு முறிவு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றோடு போகாமல், கையில் இரண்டு மிட்டாயும் வைத்திருக்க வேண்டும். தனியே எழவே முடியாதவர்கள் தமிழ்நாட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அவர்களுக்குப் பூங்கா பிறகுதான்.

ஆவணி முடிவில் அதே நாற்காலியைப் போட்டு மறுபடி எண்ணினோம். அம்மா 13 முறை எழுந்தார். அப்பா 11, எல்லைக்கு இன்னும் ஒன்று குறைவு. புரட்டாசி முதல் சனிக்கிழமைத் தளிகைக்கு வீட்டில் தரையில்தான் இலை போட்டோம். அப்பா சாப்பிட்டு முடித்து, ஒரு கையை ஊன்றி, ஒரு முழங்காலில் நின்று, எழுந்து கை கழுவப் போனார்.